தாகமில்லாத சுமைவிலங்கு

கற்பனை என்பது கட்டற்றது என்று பலர் கருதுகின்றனர். இல்லாத பொருளை உண்டாக்குபவனுக்கு எல்லை யாது, விதி யாது என்று வினவுவோரும் உளர். இக்கொள்கை கேட்பதற்கு இனிமையாயிருப்பினும், ஆராய்ந்து பார்க்குமிடத்து நிலைபெறுவதன்று. சிறகு படைத்த குதிரையைக் கற்பிப்பவனும், அஃது எதைத் தின்னும், எங்கே உறங்கும், எப்பொழுது களைத்து வீழும் என்னும் வினாக்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டவனே. விடை கூறானாயின் அவன் படைத்தது விலங்கன்று. விலங்கின் தோல் போர்த்த வண்டியே ஆகும். இவ்வுண்மையை, இந்நாளில் இளைஞர் பலர் விரும்பி ஆடும் ஒரு விளையாட்டையும், அதில் அடிக்கடி வேண்டப்படும் பாலைவனச் சுமைவிலங்கையும் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்விளையாட்டை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள் கூறுதல் இன்றியமையாதது. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வர். அவருள் ஒருவர் கதை நடத்துநர். ஏனையோர் வீரன், மந்திரவாதி, திருடன், துறவி என ஆளுக்கொரு வேடத்தை மேற்கொள்வர். நடத்துநர் ஓர் இடத்தையும் ஓர் இடரையும் வருணிப்பார். மற்றையோர் தத்தம் பாத்திரம் செய்வது இன்னதென்று உரைப்பர். முயற்சியின் பயனைப் பகடை தீர்மானிக்கும். இவ்வகை விளையாட்டுகளுள் முதன்முதல் அச்சேறிப் பரவியது 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பதாகும். இதனை வீண்பொழுது என்று தள்ளுதல் நியாயமன்று. கேட்டல், எண்ணுதல், பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்த்தல் ஆகிய மூன்று பயிற்சியும் இதில் உண்டு. பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் அப்பயிற்சி, சுமை சுமக்கும் வாயில்லாப் பிராணியிடத்து மாத்திரம் ஏன் நின்றுவிடுகின்றது என்பதே என் வினா.

அவ்விளையாட்டின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், வாங்கத்தக்க பொருள்களின் அட்டவணை ஒன்றுண்டு. அதில் ஒட்டகத்திற்கும் ஒரு வரி கிடைத்திருக்கின்றது. விலை 50 பொற்காசு. சுமக்கும் அளவு 480 இராத்தல், அதாவது ஏறத்தாழ 218 கிலோகிராம். அதனோடு நடையின் வேகம். வேறோர் இடத்தில் ஒருநாள் தீவனத்தின் விலையும் குறிக்கப்பட்டுள்ளது. இவ்வெண்களிற் பெரும்பிழை ஒன்றும் இல்லை. நெடும்பயணத்தில் உண்மையான ஒட்டகம் 150 முதல் 200 கிலோகிராம் வரை சுமந்து, நாளொன்றுக்கு 30 அல்லது 40 கிலோமீட்டர் நடக்கும். ஆயினும், எத்தனை நாள் சுமக்கும், எந்நிலத்திற் சுமக்கும், யார் சொல்லுக்கு மண்டியிடும் என்பவற்றை அவ்வரி உரைப்பதில்லை. ஆடுவோரும் கேட்பதில்லை. ஒட்டகத்தை வாங்கிய மறுகணமே அஃது அவர் கண்ணினின்றும் மறைந்துவிடுகின்றது. எஞ்சுவது அதன் முதுகிலுள்ள மூட்டை ஒன்றே. புதிய விலங்கொன்றைத் தாமே படைக்கப் புகும் நடத்துநரும் இவ்வரியையே வாய்பாடாகக் கொண்டு, காலை ஆறாக்கி, செதிலை ஒட்டி, சுமையளவை இரட்டித்து, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகின்றனர்.

தமிழராகிய நமக்கும் ஒட்டகம் ஏறக்குறையக் கற்பனை விலங்கே. நம் முன்னோர் அதனை அறியாதவரல்லர். தொல்காப்பிய மரபியல், குதிரை, கழுதை முதலியவற்றோடு ஒட்டகத்தையும் சேர்த்து, அதன் பெண்ணைப் பெட்டையென வழங்கும் மரபைக் கூறுகின்றது. சிறுபாணாற்றுப்படையில், கடலலை கொணர்ந்த அகிற்கட்டைகளுக்குத் துயிலும் ஒட்டகம் உவமையாகின்றது. எனினும் நம் இலக்கியத்துப் பாலை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் திரிந்த நிலமே, மணற்கடல் அன்று. உயிரை ஒட்டகத்தினிடம் ஒப்புவித்து நடக்க வேண்டிய நிலை நமக்கு நேர்ந்ததில்லை. ஆதலின், அதன் உடலமைப்பைச் சிறிது விரிவாக நோக்குதல் தகும்.

ஒட்டகத்தின் திமிலில் நீர் இருக்கின்றதென்று எண்ணுவோர் இன்னும் பலர். அஃது உண்மையன்று. திமிலில் இருப்பது கொழுப்பு. வயிற்றிலும் தனியே நீர்த்தொட்டி எதுவும் இல்லை. 1953, 1954ஆம் ஆண்டுகளில் நட் ஷ்மிட் நீல்சன் என்னும் உடலியல் அறிஞர், அல்ஜீரியாவின் சஹாராப் பகுதியிலுள்ள பெனி அபஸ் என்னும் ஊரில் தங்கி, ஒட்டகங்களை நிறுத்தும் அளந்தும் இதனைத் தெளிவுபடுத்தினார். நீரைச் சேர்த்து வைப்பதனால் அன்று, நீரை வீணாக்காமையாலேயே ஒட்டகம் பிழைக்கின்றது. மனித உடம்பின் வெப்பம் சிறிது ஏறினும் வியர்வை பெருகும். நீர் கிட்டாத ஒட்டகமோ, விடியலில் 34 பாகையளவு குளிர்ந்திருந்து, பிற்பகலில் 40 பாகைக்கு மேலும் சூடேற விட்டு, அதன் பின்னரே வியர்க்கத் தொடங்கும். பகலிற் கொண்ட வெப்பத்தை இரவிற் குளிர்காற்றுக்கு ஈந்துவிடும். முதுகின் அடர்ந்த மயிர் வெயிலைத் தடுக்கும் போர்வை. மயிர் கத்தரிக்கப்பட்ட ஒட்டகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீரை இழந்ததென்று அவ்வறிஞர் கண்டார். தன் உடல் நிறையில் நாலில் ஒரு பங்கை நீராக இழந்தும் அஃது உயிரோடு நிற்கும். மனிதன் அதிற் பாதியை இழக்குமுன்னரே மாண்டுபோவான்.

இவை யாவும் வியக்கத்தக்க வலிமைகளே. ஆயின் ஒவ்வொரு வலிமைக்கும் ஒரு விலை உண்டென்பதை மறத்தலாகாது. இழந்த நீரை என்றேனும் ஒருநாள் திரும்பக் கொடுத்தே தீரவேண்டும். தாகமுற்ற ஒட்டகம் பத்து நிமிடத்திற்குள் ஏறத்தாழ 100 லிட்டர் குடித்துவிடும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். திமிலின் கொழுப்புக் கரைந்தால் அதனை மீண்டும் நிரப்ப நெடுநாள் மேய்ச்சலும் ஓய்வும் வேண்டும். மணலில் அழுந்தாத அகன்ற மெல்லடி, சேற்றில் வழுக்கிப் புதையும். 1860ஆம் ஆண்டில் மெல்போர்னிலிருந்து ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட பர்க், வில்ஸ் என்பாரின் கூட்டத்தில் லாண்டா என்னும் ஒட்டகம் ஒன்றிருந்தது. பாலைவனத்தைக் கடந்து மீண்ட அவ்வொட்டகம், 1861ஆம் ஆண்டு ஏப்ரலில் கூப்பர் ஓடையின் சேற்றிற் சிக்கியது. மீட்கும் முயற்சிகள் வீணாகவே, அதனைச் சுட்டுவிட்டனர். வறட்சி கொல்லாத விலங்கை ஓடைக்கரை கொன்றது! எந்த உறுப்பு மணலில் வாழ்வித்ததோ, அதுவே சேற்றில் வீழ்த்தியது. கற்பனை விலங்கொன்றைப் படைப்பவன் கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே: வலிமையும் குறையும் இருவேறு பட்டியல்கள் அல்ல; ஒரே உறுப்பின் இரு பக்கங்கள்.

ஒட்டகத்தின் தாகத்தை அறிந்தார்க்கே பழைய கதைகள் சில முழுப்பொருள் தரும். ஆதியாகமத்தின் 24ஆம் அதிகாரத்தில், ஆபிரகாமின் ஊழியன் பத்து ஒட்டகங்களோடு வந்து கிணற்றருகே நிற்கின்றான். தனக்கும் ஒட்டகங்களுக்கும் நீர் வார்ப்பவளே தன் எசமானனின் மகனுக்கு ஏற்ற பெண் என்று அடையாளம் கொள்கின்றான். ரெபெக்காள் அவ்வாறே வார்க்கின்றாள். மேலெழுந்தவாரியாகப் படிப்பவர்க்கு இஃது ஓர் இன்சொல்லுக்கு நிகரான சிறு உபகாரமாகவே தோன்றும். நெடும்பயணத்தில் வந்த பத்து ஒட்டகங்கள் தாகந்தீரக் குடிப்பதெனில், அது பல நூறு லிட்டர் நீர். குடத்தைத் தோளில் ஏற்றி, கிணற்றுக்கும் தொட்டிக்குமிடையே எத்தனை முறை அப்பெண் ஓடியிருத்தல் வேண்டும்! ஒட்டகத்தின் தாகம் சிறிதாயிருந்தால் அவள் அன்பின் அளவும் நமக்குத் தெரிந்திராது. விலங்கின் தேவையே மனிதரின் குணத்தை வெளிப்படுத்திற்று. எந்த விளையாட்டு நடத்துநர்க்கும் இதனினும் சிறந்த சோதனை ஒன்று வாய்க்குமோ?

நிற்க. மணற்கடலைக் கடக்கும் கூட்டங்களின் வழக்கத்தைச் சற்று நோக்குவோம். நைஜர் நாட்டில் அகதேஸ் நகரத்திலிருந்து டெனெரே என்னும் பாலையைக் கடந்து, பில்மா ஊற்றுநிலத்திற்கு உப்பும் பேரீச்சையும் வாங்கச் செல்லும் துவாரெக் மக்கள், போகும்போதே ஒட்டகங்களின் மீது வைக்கோற்கட்டுகளையும் ஏற்றிச் செல்வர். வழியில் மேய்ச்சல் இல்லை. ஆதலின் சுமைவிலங்கின் சுமையில் ஒருபகுதி அவ்விலங்கின் உணவே. அதிலும் ஒருபகுதியை வழியிற் புதைத்தோ இறக்கியோ வைத்து, திரும்பும்பொழுது எடுத்துக்கொள்வர். இக்கணக்கிற் பிழைபட்டால் திரும்புதல் இல்லை. 1352ஆம் ஆண்டில் சிஜில்மாசாவிலிருந்து சஹாராவைக் கடந்த இப்னு பதூதா என்னும் பயணி, உப்புப் பாளங்களாற் சுவர் எழுப்பி ஒட்டகத்தோலாற் கூரை வேய்ந்த தகாசா என்னும் ஊரை வருணிக்கின்றார். வலாத்தா நகருக்கு முன்னதாக ஓர் ஆளைத் தனியே அனுப்பி, அங்குள்ளோர் நீர் சுமந்து எதிர்கொண்டு வரும்படி ஏற்பாடு செய்யும் வழக்கத்தையும் அவர் கூறியுள்ளார். அவ்வாள் வழியில் மடிந்தால், நகரத்தார்க்குச் செய்தி எட்டாது. கூட்டத்தில் யாவரும், அல்லது பெரும்பாலோர், மடிவர். கதை வேண்டுவோரே! பூதமும் நாகமும் இன்றி, புல்லும் நீரும் மாத்திரமே கொண்டு இத்துணை அச்சமும் நம்பிக்கையும் எழுகின்றனவே. இதனை விடுத்து வேறெங்கே தேடுகின்றீர்?

இன்னொன்றும் உண்டு. சுமைவிலங்கு என்பது தனியே விலங்கு மாத்திரம் அன்று; சேணமும் அதனைக் கட்டும் மக்களும் சேர்ந்த தொகுதியே அது. திமிலின் மேல் பாரத்தை எவ்வாறு ஏற்றுவது? கி.மு. முதல் ஆயிரம் ஆண்டின் பிற்பகுதியில் வட அரேபியாவில் ஒரு புதுவகைச் சேணம் தோன்றிற்று. திமிலின் முன்னும் பின்னும் வளைசட்டம் நிறுத்தி, பாரம் திமிலை அழுத்தாமல் இருபக்க விலாவிலும் பரவும்படி அஃது அமைக்கப்பட்டது. அதன் பயனாக ஒட்டகம் வாணிகத்திலும் போரிலும் ஓங்கியது. மேற்காசியாவின் பெரும்பகுதியில் சக்கரவண்டியே வழக்கொழிந்து போகும் அளவுக்கு ஒட்டகச்சுமை மலிவாயிற்று என்பதை ரிச்சர்டு புல்லியட் என்னும் வரலாற்றாசிரியர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். விலங்கு அதே விலங்கு. மரமும் தோலும் கயிறும் கைத்திறனும் அதன் வரலாற்றை மாற்றின. இக்கைத்திறன் உடைய மக்களை நீக்கிவிட்டு விலங்கை மாத்திரம் எண்ணால் விலைக்கு வாங்கலாம் என்பது, அட்டவணை நமக்குக் கற்பிக்கும் பொய்களுட் பெரியது.

இப்பொய்யை விளையாட்டு மேசையில் மாத்திரம் மக்கள் நம்பினாரெனின் பெருங்கேடு இல்லை. உலக வரலாற்றிலும் அதனை நம்பி நடந்திருக்கின்றனர். அமெரிக்கக் காங்கிரஸ் 1855ஆம் ஆண்டில் படைச்சுமைக்கென ஒட்டகங்கள் வாங்க 30,000 டாலர் ஒதுக்கிற்று. 1856ஆம் ஆண்டில் அவை டெக்சாஸில் வந்திறங்கின. 1857ஆம் ஆண்டில் எட்வர்டு பீல் என்பார் மேற்குநோக்கி வழிகாணச் சென்றபோது அவை திறம்படச் சுமந்தன. அவரும் மனமாரப் புகழ்ந்தார். எனினும் கோவேறுகழுதையோட்டிகளுக்கு அவற்றின் இயல்பும் பழக்கமும் விளங்கவில்லை. குதிரைகளோ அவற்றின் வாடைக்கு அஞ்சி மிரண்டன. உள்நாட்டுப் போர் மூளவே முயற்சி கைவிடப்பட்டது. 1864, 1866ஆம் ஆண்டுகளில் எஞ்சியவை ஏலத்தில் விற்கப்பட்டன. சில காட்டில் திரிந்து அழிந்தன. அவற்றோடு வந்த ஒட்டகவோட்டிகளுள் ஹாஜி அலி என்பார் ஒருவர். அந்நாட்டார் அவர் பெயரைச் சரிவர உச்சரிக்கவும் அறியாது, ஹை ஜாலி என்று அழைத்தனர். 1902ஆம் ஆண்டில் அவர் இறந்தார். அரிசோனாவில் அவர் கல்லறை மீது ஒட்டக உருவம் தாங்கிய கூம்பொன்று நிற்கின்றது.

ஆஸ்திரேலியாவின் கதை இதனினும் துயரமானது. 1840ஆம் ஆண்டில் அங்கே வந்திறங்கிய முதல் ஒட்டகத்தின் பெயர் ஹாரி. 1846ஆம் ஆண்டில், ஜான் ஹாரக்ஸ் என்னும் நாடுகாண் பயணி துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கும் வேளையில் அவ்வொட்டகம் அசையவே, குண்டு பாய்ந்து அவர் மாண்டார், ஹாரியும் சுடப்பட்டது. பின்னர் ஆயிரக்கணக்கான ஒட்டகங்களும், அவற்றோடு ஆப்கானிஸ்தானம், பலூசிஸ்தானம், பஞ்சாப் முதலிய நாடுகளிலிருந்து ஓட்டிகளும் வந்தனர். யாவரையும் ஆப்கானியர் என்றே அழைத்தனர். உள்நாட்டுக் குடியிருப்புகளும் சுரங்கங்களும் கம்பளிப் பண்ணைகளும் இவர்கள் கொணர்ந்த பண்டங்களால் வாழ்ந்தன. ஆயினும் 1903ஆம் ஆண்டுச் சட்டம், ஆசியாவிற் பிறந்தோர் அந்நாட்டுக் குடியுரிமை கோரும் வழியை அடைத்தது. மோட்டார் லாரிகள் வந்தன, ஒட்டகம் வேண்டாததாயிற்று. 1925ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியாவில், அலையும் ஒட்டகங்களை அழிக்க ஒரு சட்டமே இயற்றினர். தம் கையாற் சுட மனமின்றி ஓட்டிகள் பலர் அவற்றைப் பாலையில் அவிழ்த்துவிட்டனர். அவை பெருகின, நீர்நிலைகளையும் செடிகொடிகளையும் கெடுத்தன, 2009 முதல் 2013 வரை நடந்த ஓர் அரசாங்கத் திட்டத்தில் ஏறத்தாழ 1,60,000 ஒட்டகங்கள் குறைக்கப்பட்டன. குறைத்தல் என்பதன் பொருள் பெரும்பாலும் சுடுதல் என்க. அந்நிலத்திற்கு அவை கேடு விளைத்தமை மெய்யே. ஆனால், வாங்கும்பொழுது சுமையளவை மாத்திரம் எண்ணியோர், வேலை முடிந்தபின் அவ்வுயிர் என்னாகும் என்பதை எண்ணவில்லை என்பதும் மெய்யே.

நம் நாட்டிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. ராஜஸ்தானத்தில் ரைக்கா என்னும் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்த்து வருகின்றனர். 2014ஆம் ஆண்டில் அம்மாகாணம் ஒட்டகத்தைத் தன் விலங்காக அறிவித்தது. 2015ஆம் ஆண்டில் அதனைக் கொல்வதையும் வெளியே கொண்டுபோவதையும் தடுக்கும் சட்டம் செய்தது. எனினும் இந்தியாவில் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ நான்கு இலட்சமாயிருந்த ஒட்டகங்கள், 2019ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சமாகச் சுருங்கின. மேய்ச்சல் நிலம் குறைந்தது. வண்டிக்கு மோட்டார் வந்தது. விற்க வழியின்றி வளர்ப்போர் இடருற்றனர். விலங்கைக் காக்கச் சட்டம் இருந்தும், வளர்க்கும் மக்களுக்கு வாழ்வு இல்லையாயின், விலங்கும் நில்லாது. ஐக்கிய நாடுகள் அவை 2024ஆம் ஆண்டை ஒட்டகக் குடும்பத்து விலங்குகளின் ஆண்டாகக் கொண்டாடிற்று. அக்கொண்டாட்டம் வளர்ப்போரையும் சேர்த்து எண்ணுவதாலேயே பொருளுடையதாகும்.

இங்கே ஒருசாரார் தடை எழுப்புவர். விளையாட்டு இளைப்பாறுதற்கன்றோ? வைக்கோலை எண்ணிக்கொண்டிருப்பின் இன்பம் எங்கே? மந்திரத்தால் நீரை வருவிக்கலாகாதா? என்பர். இத்தடை முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. கட்டுகளை நாள்தோறும் கூட்டிக் கழித்தல் கணக்கனின் தொழிலேயன்றிக் கதைஞனின் தொழிலன்று. யான் வேண்டுவது நீண்ட கணக்கன்று. ஒரு தேவை மாத்திரமே. விலங்குக்கு ஒரே ஒரு தேவையேனும் இருக்கட்டும். அது கதையிற் புறக்கணிக்க இயலாததாக இருக்கட்டும். மந்திரத்தால் எந்நாளும் நீர் சுரக்குமாயின், அந்நிலத்தைப் பாலைவனம் என்று ஏன் வருணிக்க வேண்டும்? மஞ்சள் நிறம் பூசிய மைதானம் என்றாற் போதுமே.

இதனை உணர்ந்து செய்தாரும் உளர். 1991ஆம் ஆண்டில் அதே விளையாட்டின் ஓர் உலகமாக வெளிவந்த டார்க் சன் என்பதில், நீரும் உலோகமும் அரிதான பாலையுலகம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. அங்கே சுமப்பதற்குக் குதிரை இல்லை. கேங்க் என்னும் பெரும்பூச்சி உண்டு. அவை கூட்டமாய் வாழ்வன. அவற்றுட் சில காவல் புரிவன. சில தேன் சுரப்பன. அத்தேன் உணவாகும், ஆனால் இறந்த கேங்கின் ஊன், பட்டினி கிடப்பவனும் உண்ணாதபடி நாறும். சுமத்தல் ஒன்றுக்கே இட்ட பொறியாக விடாமல், அதற்கொரு குடிவாழ்க்கையை ஆசிரியர்கள் கற்பித்தமை பாராட்டற்குரியது.

குறை கூறுவதோடு நில்லாது, யான் எண்ணும் விலங்கொன்றையும் நடத்துநர் முன் வைக்கின்றேன். அதன் பெயர் உவர்மா என்றிருக்கட்டும். ஆப்பிரிக்காவின் நமீபுப் பாலையில், கடலிலிருந்து வரும் மூடுபனியிலே தலைகீழாய் நின்று, முதுகிற் படியும் நீர்த்துளிகள் வாய்க்கு வழிய, அவற்றைப் பருகி வாழும் வண்டு உண்டு. உவர்மா அவ்வண்டின் வழியைப் பின்பற்றுவது. எருமையளவு உடலும், முதுகு நெடுகப் பள்ளமும் மேடுமான தகடுகளும் உடையது. விடியற்காலையில் முன்னங்காலை மடக்கித் தலைதாழ்த்தி நிற்கும். பனி தகட்டில் திரண்டு வாயில் வழியும். கிடைப்பது சில படி நீரே. ஆதலின் அது மெல்ல நடக்கும். இரவில் மாத்திரமே நடக்கும். 100 கிலோகிராமுக்கு மேற் சுமவாது. ஒவ்வொரு விடியலிலும் சுமையை முற்றும் இறக்கி, தகடுகளின் புழுதியைத் துடைத்து, இரண்டு நாழிகை அசையாமல் நிற்கவிட வேண்டும். பேராசையால் மூட்டையை இறக்காது விடுவோன் மூன்றாம் நாள் விலங்கை இழப்பான். கடற்பனி எட்டாத உள்நாட்டில் அதன் வலிமையெல்லாம் வீண். அதனைத் துடைக்கவும் நிறுத்தவும் அறிந்தவர் பனிக்கரையில் வாழும் ஒரு குடியினரே. அவர் பாடினாலன்றி அது மண்டியிடாது. அவருக்குக் கூலியும் மதிப்பும் கொடாத கூட்டம் அப்பாலையைக் கடவாது.

இனி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். பகைவர் துரத்துகின்றனர், விடிகின்றது, உவர்மா நிற்க வேண்டும். பொதியை இறக்குவதா, விலங்கைக் கொன்று இன்னும் ஒருநாள் ஓடுவதா? அக்கேள்விக்குப் பகடை விடைகூறாது. ஆடுவோரின் உள்ளமே கூறும். விளையாட்டின் சிறப்பு முழுவதும் அந்த நாழிகையில் அடங்கும் என்று துணிந்து கூறுவேன்.

மாணவ நண்பர்காள்! புதிய விலங்கைப் படைக்க நீங்கள் எழுதுகோலை எடுக்கும்பொழுது நான்கு வினாக்களை உங்களுக்குள் வினவிக்கொள்ளுங்கள். இதன் வலிமை எவ்வுறுப்பினின்று பிறக்கின்றது? அவ்வலிமைக்கு இது கொடுக்கும் விலை யாது? இதனோடு வாழும் மக்கள் யாவர்? வேலை முடிந்தபின் இதன் கதி என்ன? இந்நான்கிற்கும் விடை உண்டாயின் உங்கள் விலங்கு மேசையின்மேல் மூச்சுவிடும். நம்மைச் சுமப்பவை கற்பனையில் மாத்திரம் இல்லை. வண்டிமாடும் கழுதையும், தலைச்சுமை தூக்கும் கூலியாளும் நம் தெருவிலேயே நடக்கின்றனர். அவர்களையும் சுமையளவாலும் விலையாலும் மாத்திரம் அறியும் பழக்கம் நமக்கு எளிதில் வந்துவிடுகின்றது. விளையாட்டிலேனும் ஒரு விலங்கின் தாகத்தை நினைக்கப் பழகிய உள்ளம், தெருவில் நிற்கும் தாகத்தையும் ஒருநாள் காணும். சுமையை ஏற்றும் கை, நீரையும் ஏந்துவதாகுக.